எட்டாவது துளை

கம்பத்தில் தொங்கும் கறுப்புப் பெட்டிக்கு
எட்டே துளைகள்.
தாமான் மெரந்தியில் வீடுகள் நாற்பத்தொன்று.
இந்தக் கணக்கைப் போட்டவன்
இந்தப் பக்கம் வந்ததே இல்லை.

வந்தவன் நான்தான், ஏணியோடு.
செம்பனை லாரிகள் உதிர்த்துவிட்டுப் போன பழத்தில்
மோட்டார் வழுக்கும் சாலையில்
வாசலுக்கு வாசல் ஒரே கேள்வி:
"வயர்க்காரா, எங்க வீட்டுக்கு எப்போ?"
"போர்ட் புல்லு, அக்கா."
சொல்லிச் சொல்லி என் பெயரே அதுவாகிவிட்டது.
மோட்டாரை நிறுத்தினால் பிள்ளைகள் கத்துகிறார்கள்,
போர்ட்புல்லு வந்துட்டாரு!

லோ மளிகைக்கு ஒன்று. கிராணி வீட்டுக்கு ஒன்று.
கோவில் செயலாளருக்கு ஒன்று,
தீமிதியை நேரலையில் காட்ட வேண்டுமாம்.
மற்றதெல்லாம் விண்ணப்பத்தில் முந்தியவர்களுக்கு.
கடைசித் துளையை வாங்கினாள் மங்களேஸ்வரி.
டிவி பழுது. கையில் பொத்தான் போன்.
எதற்கு என்று நான் கேட்கவில்லை,
படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.

ஒரே நூலில் பேச்சும் படமும் கணக்கும் காசும்
போகும், வரும் என்று
கம்பெனித் தாளில் இருந்ததை வாசித்துக் காட்டினேன்.
"மழை வந்தா?" என்றாள்.
"மழைக்கு நிற்காது."
அப்படியானால் கூரைத் தட்டைக் கழற்றிக் கொடு என்றாள்.
அடுத்த வாரம் நடு ஓட்டையைத் தாரால் அடைத்து
கோழிக்குத் தண்ணீர் வைத்திருந்தாள் அதில்.

மூன்றாம் மாதம், வெள்ளி இரவு, அவசரப் புகார்.
இரண்டு நாளாகச் சிவப்பு விளக்காம்.
விளக்குப் பெட்டியைக் கூடத்தில் தேடினேன். இல்லை.
சமையலறை ஜன்னலுக்கு வெளியே
கவிழ்த்த ஐஸ்கிரீம் டப்பாவுக்கு அடியில்
பின்பக்கம் பார்த்துத் தொங்கிக்கொண்டிருந்தது.

பின்பக்கம் எஸ்டேட் கொங்சி.
வங்காளதேசத்துப் பையன்கள், பதினோரு பேர்,
வேலியோரம் குந்தியிருந்தார்கள், பேச்சில்லை.
சுவரில் கரித்துண்டால் என்னென்னவோ எழுத்து.
எனக்குப் படிக்கத் தெரியவில்லை.
நடுவில் எட்டு இலக்கம் மட்டும் தெரிந்தது,
அவள் வீட்டுக் கடவுச்சொல்.

"ஆளுக்குப் பன்னிரண்டு வெள்ளி,"
என்றாள் மங்களேஸ்வரி, கூச்சமே இல்லாமல்.
"மொத்தம் நூத்தி முப்பத்திரண்டு. பில்லு நூத்தி இருபத்தொன்பது.
அவனுங்க பேருல நீ லைன் கொடுப்பியா?"

கொடுக்க முடியாது.

ஷொஹாக் என்பவன் வந்து ஏணியைப் பிடித்தான்.
இறவாணத்தடியில் எலி வேலை.
செம்பனைக்காட்டு எலிக்கு இவ்வளவு பழமிருந்தும்
கண்ணாடியில் என்ன ருசியோ.
நெற்றி விளக்கில் உறையைச் சீவினேன்,
ஸ்பிரிட்டால் துடைத்து நுனியை வெட்டினேன்,
துணுக்கை டேப்பில் ஒட்டிச் சட்டைப்பைக்குள் வைத்தேன்;
தரையில் விழுந்தால் யார் காலிலாவது ஏறும்,
ஏறினால் தேடிக் கண்டுபிடிக்க முடியாது.
சின்னத் திரையில் இரண்டு நுனிகள்
ஒன்றையொன்று முகர்ந்துகொண்டு நின்றன.
ஒரு பொறி.
இழப்பு, சுழியம் புள்ளி சுழியம் இரண்டு.

பச்சை.

வேலியோரம் ஒரு போன் கூவியது. பிறகு இன்னொன்று.
பிறகு எண்ண முடியவில்லை.
இரண்டு நாள் குரல்கள்
ஒன்றின் முதுகில் ஒன்று ஏறி வந்து விழுந்தன;
ஒரு பெண் எதற்கோ திட்டிக்கொண்டிருந்தாள்,
எங்கோ ஒரு மாடு கத்தியது.
ஷொஹாக் ஏணியை விட்டுவிட்டு ஓடினான்.
நான் அதன் மேல்தான் நின்றிருந்தேன்.

பயனர் எண்ணிக்கை என்ற கட்டத்தில்
ஒன்று என்று எழுதினேன்.
மைலோ டின்னைத் திறந்து
மூன்று நீலத் தாள்களை எடுத்தாள் மங்களேஸ்வரி.
"இந்த மாச லாபம். போய் தே ஓ குடி."

வாங்கிக்கொண்டேன்.
மோட்டாரை உதைக்கும்போது
பக்கத்து வீட்டு விளக்கு எரிந்தது.
"வயர்க்காரா..."